கதவுக்கு வெளியே அமே

அறுபத்தைந்தாம் வருஷம், ஆனி மாதம். வடகரைச் சாலையில் காலியாகக் கிடந்த நெல் கிட்டங்கியில் பர்மாவிலிருந்து அகதிகளாய் வந்த ஒன்பது குடும்பங்கள் இருந்தன. அங்கே அய்யாக்குட்டியின் பர்மாக்காரப் பெண்டாட்டி மா சீனுக்கு இடுப்புவலி கண்டுவிட்டது என்று ஆள் வந்ததும், தென்காசி நர்சம்மா சுகிர்தம் பையைத் தூக்கிக்கொண்டு வண்டியேறினாள்.

பதினாறு வருஷ உத்தியோகத்தில் அவள் பேறு பார்த்து ஒரு தாயும் செத்ததில்லை. அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு. மா சீன் வயிற்றில் அப்பியிருந்த மஞ்சளைப் பார்த்ததும் முகம் சுளித்தாள்.

"என்னட்டி இது, குழம்புக்கா அரைச்சே?"

டெட்டால் தண்ணீரில் அத்தனையையும் துடைத்தெடுத்தாள். சாரல் அடித்ததால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

அதோடு வலி நின்றுவிட்டது.

உச்சிப்பொழுது கடந்தும் திரும்பவில்லை. மா சீன் கதவையே பார்த்துக்கொண்டு "அமே, அமே" என்று முனகினாள். கதவை யாரோ உள்ளங்கையால் தடவுவது கேட்டது. புருஷன்காரன்தான் என்று நினைத்து, "சும்மா இரும்!" என்று அதட்டினாள் சுகிர்தம்.

பதில் பின்பக்கத்து ஜன்னலிலிருந்து வந்தது. "நான் இங்கனல்லா நிக்கேன், நர்சம்மா."

சுகிர்தம் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "அமேன்னா என்ன?"

"ஆத்தா. அவங்க ஊர்ல பெத்தவதான் மஞ்சள் பூசிப் பேறு பாக்கணும். நாங்க கப்பலேறுதப்போ இவ ஆத்தா ரங்கூன் கரையிலயே நின்னாவ. இப்ப இருக்காவளோ என்னமோ, ஒரு காயிதமும் இல்ல."

தடவும் சத்தம் நிற்கவில்லை. வயிற்றில் குழல் வைத்துக் கேட்டாள். பிள்ளையின் துடிப்பு தளர்ந்துகொண்டிருந்தது. வேதத்தைத் தவிர எதையும் நம்பாத சுகிர்தம் எழுந்துபோய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். வெளியே சாரல்தான், ஒருவருமில்லை.

"உள்ள வாங்க ஆச்சி," என்றாள். குரல் அவளுடையது போலவே இல்லை. "உங்க மக காத்துக் கெடக்கா."

திறந்த கதவு வழியே ஒரு துளிச் சாரல்கூட உள்ளே வரவில்லை. அடுப்புத் தீ ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தது. மா சீன் சிரித்தாள். அரைமணி நேரத்தில் பெண்பிள்ளை பிறந்தது, நீலம் பாரித்து, தட்டியதும் வீறிட்டது.

நச்சுக்கொடி விழுந்தபின் தாயைப் புரட்டித் துடைக்கப்போனவள் அப்படியே நின்றாள். முதுகின் கீழே ஈர மஞ்சள், ஐந்து விரலும் தெளிவாக. பக்கத்தில் தன் கையை விரித்துப் பார்த்தாள். மஞ்சளில் பதிந்த விரல்கள் அவளுடையதைவிடக் குட்டையானவை.

துணியைத் தள்ளி வைத்துவிட்டாள்.

மறுநாள் கிட்டங்கிப் பெண்களை உட்காரவைத்து அவர்கள் வழக்கத்தையெல்லாம் கேட்டாள். ஏழு நாள் போர்த்திக் கிடக்க வேண்டுமாம். சுட்ட செங்கல்லைத் துணியில் சுற்றி ஒற்றடம் வைக்க வேண்டுமாம். எல்லாவற்றுக்கும் சம்மதித்தாள். கொடியறுப்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்று வருஷத்தில் அங்கே ஏழு பிள்ளைகள் அவள் கையில் பிறந்தன.

பாதிரியாரிடம் சொல்லலாமா என்று இரண்டு ஞாயிறு யோசித்தாள். சொல்லவில்லை.