ஹவாய்த் தவளையும் மண்ணூர்பேட்டை அம்மாவும்

கணவரின் அலுவலக வேலையாக நாங்கள் ஹவாய்த் தீவில் இருந்த சமயம். அருவிக்குப் போகும் காட்டுப் பாதையில் ஐந்து வயது மகள் எதையோ கையில் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். திறந்து காட்டினாள். பச்சையும் கறுப்புமாகப் பளபளக்கும் விஷத் தவளை. நான் போட்ட சத்தத்தில் தவளை தாவி ஓடியது. குழந்தை வீறிட்டு அழுதாள்.

"இன்னாத்துக்குமா கத்துற? கொயந்த பயப்படுது பாரு."

திரும்பினால், சேலையும் ஸ்போர்ட்ஸ் ஷூவும் அணிந்த ஒரு அம்மா. எதிரே வந்த வெள்ளைக்காரர்களிடமெல்லாம் "அருவி இன்னும் தூரமா?" என்று தமிழிலேயே கேட்டுக்கொண்டு வந்தவர். அவர்களும் கையைக் காட்டி ஏதோ பதில் சொன்னார்கள்.

"விஷத் தவளைங்க அது!" என்றேன்.

"தெரியும்மா. கொசு துன்றதுக்குன்னு எங்கிருந்தோ கொண்ணாந்து உட்டாங்களாம், எம்புள்ள சொன்னான். இங்க அதுக்குத் தீனி வேறயாம், அதனால விஷமும் கம்மியாப் பூட்சாம். கைய வாயில வெக்காம கயுவி உட்டா போதும்."

தன்னிடமிருந்த பாட்டில் தண்ணீர் முழுவதையும் ஊற்றி மகளின் கைகளைக் கழுவினார். பிறகு அருவியைப் பார்க்கப் போகாமல் எங்களோடு அடிவாரம் வரை திரும்பி நடந்து, என் பயம் தெளியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பெயர் கேட்கத் தோன்றவில்லை. ஊர் கேட்டேன். "மண்ணூர்பேட்டை" என்றார்.

நாங்கள் பக்கத்திலேயே, அம்பத்தூர். இப்போது ஊர் திரும்பி, தினமும் மண்ணூர்பேட்டை நிறுத்தத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். பேருந்தில் ஏறும் முகங்களில் அவரைத் தேடுகிறேன். மழைக்கு எங்கள் குடியிருப்பின் வாசலில் தவளை வந்தால், மகள் குந்தி உட்கார்ந்து அதனோடு பேசுகிறாள். துளிக்கூடப் பயமில்லை. அந்தத் தைரியம் அந்த அம்மா கொடுத்தது.