செக்கிங் பிரிவிலிருந்து ஒரு செய்தி

நேற்று பரணிலிருந்த பழைய கம்ப்யூட்டரைத் திறந்தேன். மின்விசிறியைச் சுற்றி எலி கூடு கட்டியதுபோலப் பஞ்சு. பனியன் துணியின் பஞ்சு. திருப்பூரில் நான் வேலை பார்த்த கம்பெனியில் அது சோற்றிலும் விழும்.

திருநெல்வேலிப் பக்கமிருந்து கம்ப்யூட்டர் ஆளாகப் போயிருந்தேன். வாயைத் திறந்து "அண்ணாச்சி" என்றாலே கட்டிங் பிரிவில் சிரிப்பார்கள். அதனால் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். மத்தியானம் தனியாகத்தான் சாப்பாடு.

அங்கே மெஷின் சத்தத்தில் இன்டர்காமில் பேசினால் பாதிதான் கேட்கும். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியில், அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு சாட் சர்வர் இலவசமாகக் கிடைத்தது. ஒரு பிரிவில் தட்டினால் மற்றப் பிரிவுகளின் திரையில் எழுத்தாக வரும்; இன்டர்நெட் வேண்டாம், கட்டடத்துக்குள் ஓடும் வயர் போதும். முதலாளியிடம் விளக்கினேன். "சர்வருங்களா? காப்பி கொண்டாருமுங்களா?" என்று சிரித்தார். ஆனாலும் சம்மதித்தார்.

துணியில் பழுது பார்க்கும் செக்கிங் பிரிவில் சென்னியப்பன் இருந்தார். சோமனூர்க்காரர். இளம் வயதிலேயே தறிச் சத்தம் காதைத் தின்றுவிட்டது. கத்திப் பேசிச் சலித்துப்போய், யாரும் அவரிடம் பேசுவதே இல்லை. சர்வர் ஓடத் தொடங்கியதும் மனிதர் ஒற்றை விரலால், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டத் தொடங்கினார். "மேனேஜரப் பாருங்க தம்பி, பட்டன மாத்திப் போட்டுட்டாரு." நான் என் அறையில் தனியாகச் சிரிப்பேன். எழுத்தில் என் 'அண்ணாச்சி'க்கு அவர் சிரித்ததில்லை.

ஒருநாள் எல்லாத் திரையிலும் அவர் செய்தி வந்தது: "கட்டிங் நிறுத்துங்க. துணி பூராவும் ஊசிக்கோடு." துணி பின்னும் மெஷினில் ஊசி உடைந்து, நீளமாகக் கோடு விழுந்திருந்தது. கத்தரி வைக்கும் முன்பே நிறுத்திவிட்டார்கள். அந்த ஆர்டர் பிழைத்தது. அவர் என் அறைக்கு வந்து, காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில் சொன்னார்: "தம்பி, நாஞ் சொல்லி ஒடனே கேட்டாங்க!" கண் கலங்கியிருந்தது.

பிறகு எல்லோர் கைக்கும் செல்போன் வந்தது. முதலாளி சர்வரை நிறுத்தச் சொன்னார்.

"சென்னியப்பன் அண்ணாச்சிக்குக் கேக்காதுங்களே" என்றேன்.

"அதுக்கென்னுங்க, மெசேஜ் அனுப்பிக்கலாமுங்க."

யாரும் அனுப்பவில்லை. கூப்பிடுவதுதான் சுலபமாக இருந்தது. நான் மட்டும் சில நாள் அனுப்பினேன். அந்தச் சின்னப் பொத்தான்கள் அவர் விரலுக்கு அடங்கவில்லை. பதிலுக்கு ஒரு எழுத்து வரும், சிலசமயம் அதுவும் வராது. அந்த ஆடியில் வேலையை விட்டுச் சோமனூருக்கே போய்விட்டார்.

ஒருமுறை அவர் வீட்டுக்குப் போன் செய்தேன். மகள் எடுத்தாள். "அப்பாவுக்குக் கேக்காதுங்களே. என்ன சொல்லோணும், சொல்லுங்க."

சொல்வதற்கு ஒன்றுமில்லை. எங்கள் பேச்சு எல்லாம் ஒன்றுமில்லாததைப் பற்றித்தான். "சும்மாதாம்மா" என்று வைத்துவிட்டேன்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. சோமனூர் நம்பரும் உபயோகத்தில் இல்லை என்கிறது ஒரு பெண்குரல், மிக மரியாதையாக.