பிள்ளை துப்பப் பழகிய கோடை

மாதா கோயில் பூசையில் சுவாமி உயர்த்திக் காட்டும் கிண்ணத்தைத் தவிர வைனோடு எனக்கு ஒரு சொந்தமும் இருந்ததில்லை. ஜேர்மனிக்கு வந்து தலை நரைத்த பிறகும் அப்படித்தான். வுப்பர்டாலில் நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்துச் சமையலறையில், யாருக்காவது பிறந்தநாள் என்றால் வைன் போத்தல் உடைப்பார்கள். நான் தோடம்பழச் சாற்றை ஊற்றிக்கொண்டு ஒரு மூலையில் நிற்பேன். அப்படிப்பட்ட என் வயிற்றில் பிறந்த ஒரே மகள், பள்ளிக்கூடம் முடித்த கையோடு சாப்பாட்டு மேசைக்கு வந்து, தான் வைன் செய்யப் படிக்கப்போவதாகச் சொன்னாள்.

"வைன் செய்யிறதுக்கும் ஒரு படிப்போ?" என்று கேட்டேன்.

"ஓம் அம்மா, அவுஸ்பில்டுங். தோட்டத்திலையும் நிலவறையிலையும் வேலை செய்துகொண்டே படிக்கிறது. ஆனா முதல்லை ஒரு தோட்டக்காரர் என்னைத் தன்ரை இடத்திலை சேர்க்கவேணும்."

என் வீட்டுக்காரர் கோப்பையைப் பார்த்தபடி, "எங்கடை சனத்துக்கு என்ன சொல்லுறது?" என்று மெல்லக் கேட்டார். எனக்கும் அதே பயம்தான். பனைக்குக் கீழே நின்று பால் குடித்தாலும் கள் என்று சொல்கிற சனம் நாங்கள். இவளோ உண்மையாகவே குடிவகைக்குள் இறங்கப்போகிறாள்.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். பிள்ளைக்கு மூக்கு இருக்கிறது. சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தால் வந்து, சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னரே, "அம்மா, இண்டைக்கு வெந்தயம் கருகிப்போச்சு" என்பாள். மிளகாய்த்தூள் கடை மாறினால் படியில் நின்றே கண்டுபிடிப்பாள். அந்த நேரம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சனிக்கிழமைகளில் ஒரு பேரங்காடியில் வைன் அடுக்கும் வேலைக்குப் போனவள், அங்கேதான் தன் மூக்குக்கு ஒரு தொழில் இருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறாள்.

பல இடங்களுக்கு எழுதினாள். இரண்டே இடங்கள்தான் வரச்சொல்லின. முதலாவது ரைன் நதிக்கரையில் இருந்தது.

ஜேர்மன்காரப் பிள்ளைகள் இப்படியான நேர்காணல் டெர்மீனுக்குத் தனியேதான் போவார்களாம். எங்களுக்கு அது எப்படித் தெரியும்? தெரிந்திருந்தாலும் போயிருப்போம். பெண்பிள்ளையை முன்பின் தெரியாத இடத்தில் வேலைக்கு விடுவதென்றால் அந்த இடத்தைக் கண்ணால் பார்க்கவேண்டாமா? அதற்கு வெறுங்கையோடு போகலாமா? நான் விடிய எழும்பி ஒரு பெட்டி நிறைய மீன் றோல்ஸ் பொரித்தேன். கோயிலுக்கு உடுக்கும் சீலையை உடுத்தேன். இவர் கழுத்தில் ரை கட்டினார். குடும்பமாகப் போய் இறங்கினோம்.

அந்தத் தோட்டத்துக் கட்டடம் ஒரு வங்கிபோல முழுக்கக் கண்ணாடியாக இருந்தது. முதலாளி நீலச் சேட்டுப் போட்ட மனிதர். எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு, சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கான வாசல் மறுபக்கம் என்றார். பிள்ளை தான் யார் என்று சொன்னாள். "மூன்று பேருமா?" என்று கேட்டார். இவர் சிரித்துக்கொண்டே றோல்ஸ் பெட்டியை நீட்டினார். நீட்டினதோடு நிற்காமல் மூடியையும் திறந்துவிட்டார். அந்த மனிதர் ஓரடி பின்னால் போனார். வைன் ருசி பார்க்கும் இடத்துக்குள் பொரித்த மீன் மணம் வரக்கூடாதாம். அவர் சொன்னது நியாயமாகக்கூட இருக்கலாம். ஆனால் சொன்ன விதம் இருக்கிறதே, அந்தப் பெட்டியை அப்படியே அவருடைய தலையில் கவிழ்த்தால் என்ன என்று எனக்கு வந்தது. இவர் பெட்டியைக் கொண்டுபோய்க் காரில் வைத்துவிட்டு வந்தார்.

பிறகு அவர் பிள்ளைக்கு முன்னால் கிளாசுகளை வரிசையாக வைத்தார். பக்கத்தில் பளபளவென்று ஒரு கலம். ஒவ்வொரு கிளாசிலும் ஒரு வாய் எடுத்து, வாய்க்குள் சுழற்றி, அந்தக் கலத்துக்குள் துப்பிவிட்டு, என்ன மணம், என்ன ருசி என்று சொல்லவேண்டும். இதுதான் இந்தத் தொழிலின் அரிச்சுவடி என்றார். பிள்ளை முதல் வாயை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். தகப்பனைப் பார்த்தாள். விழுங்கினாள்.

அவர் கலத்தைக் காட்டினார். பிள்ளை தலையாட்டிவிட்டு அடுத்ததையும் விழுங்கினாள். அதற்கடுத்ததையும் விழுங்கினாள். காதுமடல் சிவந்து, கண் மினுங்கத் தொடங்கிவிட்டது. வெந்தயம் கருகினதைப் படியில் நின்று கண்டுபிடிக்கிற பிள்ளை, கடைசிக் கிளாசைக் குடித்துவிட்டு "நல்லாயிருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

"இந்த வேலையில் ஒரே காலையில் நிலவறை முழுவதையும் ருசி பார்க்கவேண்டி வரும்," என்றார் அவர். "விழுங்குகிறவர் மத்தியானத்துக்கு முன்னர் மேசைக்குக் கீழே கிடப்பார். அதோடு, இது அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து செய்கிற வேலையும் இல்லை."

கார் பெருஞ்சாலையில் ஏறும்வரை நான் அந்த மனிதரைத் திட்டினேன். ஏறிய பிறகு பிள்ளையைத் திட்டினேன்.

"அந்தாள் டொச்சுப் பாசையிலைதானே துப்பச் சொன்னது? என்னைவிட உனக்குத்தானே டொச் தெரியும். ஏனடி துப்பேல்லை?"

"உங்களுக்கு முன்னாலை எப்பிடி அம்மா துப்புறது?"

ஒருமுறை நடைபாதையில் சுவிங்கத்தைத் துப்பினாள் என்று காதைத் திருகினது நான். பெரியாக்களுக்கு முன்னால் துப்பக்கூடாது, தந்ததை மிச்சம் விடக்கூடாது என்று சோற்றோடு சேர்த்துத் தீத்தினதும் நான். சொல்வழி கேட்ட பிள்ளையைத் திட்டுவதற்கு எனக்கு என்ன முறை இருக்கிறது? "வளர்ப்பு அப்பிடி," என்று இவர் சிரித்தார். பிள்ளை சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, சத்தம் வராமல் அழுதுகொண்டு வந்தாள். இவளுக்கு இது விளையாட்டில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. சனத்துக்கு என்ன சொல்வது என்கிற பயம் எங்கே போனதோ தெரியவில்லை. எப்படியாவது இவளுக்கு ஓர் இடம் கிடைக்கவேண்டும் என்கிற பிடிவாதம் வந்து குந்திக்கொண்டது. வழியில் காரை நிறுத்தி அந்த றோல்ஸ் முழுவதையும் நாங்களே தின்று தீர்த்தோம். கோபத்துக்கு மீன் றோல்ஸ் நல்ல மருந்து.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் குளியலறையில் பயிற்சி தொடங்கியது. எங்கள் ஊரில் திராட்சையை முந்திரிகை என்போம். முந்திரிகைச் சாற்றுப் போத்தலோடு உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொள்வாள். சளக், சளக் என்று சத்தம் கேட்கும். தனியே என்றால் குழாய்த் தண்ணீர் மாதிரி நேராகத் துப்புவாளாம். "எங்கை, இஞ்சை வந்து துப்பு பாப்பம்," என்று சமையலறைத் தொட்டிக்கு முன்னால் நிற்கவைத்தால், கன்னம் உப்ப நின்று என்னைப் பார்ப்பாள். களுக்கென்று உள்ளே போய்விடும்.

"அங்காலை பாருங்கோ அம்மா," என்பாள். நான் சுவரைப் பார்ப்பேன். அப்போதும் களுக்.

"நீங்கள் நிக்கிறது எனக்குத் தெரியுமெல்லோ," என்பாள்.

இவர் சோபாவில் கிடந்து வயிறு குலுங்கச் சிரிப்பார். "குடிக்க வேண்டாமெண்டு பிள்ளையளோடை மல்லுக்கட்டுற தாய்மாரைக் கண்டிருக்கிறன். துப்படி துப்படி எண்டு மல்லுக்கட்டுற தாயை இப்பதான் காணுறன்." நானும் சிரித்துவிடுவேன். ஆனால் மனதுக்குள் நெருப்புத்தான். இனி ஒரே ஒரு இடம்தான் மிச்சம் இருந்தது.

அது மோசல் ஆற்றோரத்து ஊர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு அங்கே பஸ் இல்லை, ஆகவே இவர்தான் காரில் கொண்டுபோய் விடவேண்டும். "ஆனா நீங்கள் ரெண்டுபேரும் காருக்குள்ளையே இருக்கவேணும். சத்தியம் பண்ணுங்கோ," என்றாள் பிள்ளை. பண்ணினோம். றோல்ஸ் பொரிக்கமாட்டேன் என்று நான் சத்தியம் பண்ணவில்லை.

போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். ஆற்றுக்கு இரண்டு பக்கமும் மலைச்சரிவு சுவர்போல நின்றது. ஆடு ஏறினாலும் வழுக்கும், அதில் வரிசை வரிசையாக முந்திரிகை நட்டிருக்கிறார்கள். பிள்ளை முற்றத்தைத் தாண்டி உள்ளே போனாள். நாங்கள் காருக்குள் அவிந்துகொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் றப்பர் சப்பாத்துப் போட்ட ஒரு பெண், என் வயது இருக்கும், வந்து கண்ணாடியில் தட்டினார். அவர்தான் அந்தத் தோட்டத்துக்காரி.

"நாயைக்கூட இந்த வெயிலில் காருக்குள் விடமாட்டோம். இறங்கி வாருங்கள்," என்றார்.

பின்னால் நின்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். சத்தியத்தை மீறினது நானில்லை என்று கையை விரித்தேன்.

அவருடைய குசினி மேசையில் எங்களை இருத்தினார். நான் பயந்து பயந்து பெட்டியை எடுத்து வைத்தேன். ஒன்றைக் கடித்தார். மூக்கால் தண்ணீர் ஓடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதற்கு என்னிடம் ஒன்று இருக்கிறது," என்று எழும்பிப்போய், குளிர்ந்த போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து எல்லாருக்கும் ஊற்றினார். எனக்கும் ஊற்றினார். மறுக்க எனக்கு மனம் வரவில்லை. றோல்ஸ் ஒரு கடி, வைன் ஒரு வாய். உறைப்பு நாக்கைப் பிடிக்க, அந்த லேசான இனிப்பு சண்டைக்கு நடுவில் வந்து விலக்குப் பிடித்தது. கடவுளே, இத்தனை வருஷம் தோடம்பழச் சாற்றோடு என் காலம் போனதே என்று நினைத்தேன்.

ஊற்றித் தந்ததை மிச்சம் விடுவது எங்களுக்கு மரியாதையில்லை. வெறும் கிளாசை ஊற்றாமல் விடுவது அவருக்கு மரியாதையில்லை. இரண்டு மரியாதையும் சேர்ந்து என்னை ஒரு வழி பண்ணிவிட்டன.

"இஞ்சாரும், குடிச்சது காணும்," என்றார் இவர்.

"பேசாமல் இருங்கோ. கார் ஓட்டுறது நீங்கள்தானே," என்றேன்.

பிறகு எல்லாரும் நிலவறைக்கு இறங்கினோம். பெரிய மரப் பீப்பாய்கள், ஈரச் சுவர், நடுவில் ஒரு சாதாரண பிளாஸ்டிக் வாளி. தோட்டத்துக்காரி ஒரு பீப்பாயில் இருந்து கொஞ்சம் எடுத்துப் பிள்ளையிடம் கொடுத்து, வாளியைக் காட்டினார். பிள்ளை வாயில் எடுத்தாள். சுழற்றினாள். கன்னம் உப்பியது. கண் என்னிடம் வந்தது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். இன்னும் ஒரு நொடியில் களுக்கென்று உள்ளே போய்விடும், இந்த இடமும் அதோடு போய்விடும்.

"கொஞ்சம் பொறுங்கோ," என்று டொச்சில் கத்தியே விட்டேன். தோட்டத்துக்காரியின் கையில் இருந்த கிளாசை வாங்கி, ஒரு வாய் நிறைய எடுத்தேன். சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாளிக்கு முன்னால் போய், என் பிள்ளையின் கண்ணை நேரே பார்த்து, என் புருஷனுக்கும் முன்பின் தெரியாத வெள்ளைக்காரிக்கும் முன்னால் துப்பினேன். பாதி வாளிக்குள் விழுந்தது. மீதிப் பாதி இவருடைய சப்பாத்தில்.

இவர் சப்பாத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கனகாலமாய் மனசிலை வைச்சிருந்தனீர் போலை," என்றார்.

பிள்ளைக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. வாய் நிறைய வைனோடு சிரிப்பை அடக்க ஏலுமா? குனிந்தாள். ஒரு சொட்டுச் சிந்தாமல், ஒரே வீச்சில் வாளிக்குள் துப்பினாள். பிறகு நிமிர்ந்து, வாயைத் துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: நெருப்புக்குச்சி உரசின மணம், பிறகு எலுமிச்சைத் தோல், கடைசியில் நனைந்த கல். தோட்டத்துக்காரி அடுத்த பீப்பாய்க்குப் போனார். அதற்கடுத்ததற்கும் போனார். பிள்ளை வாளியைப் பார்க்காமலே துப்பிக்கொண்டு போனாள். ஒரு பீப்பாயில் மட்டும் மூக்கைச் சுருக்கி, "இதில் கூழ்முட்டை மணம் கொஞ்சம் வரத் தொடங்குகிறது," என்றாள். தோட்டத்துக்காரி கிளாசை வாங்கி, நெடுநேரம் முகர்ந்தார்.

"நேற்று எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது," என்றார். "ஓகஸ்டில் வந்துவிடு. மேலே அறை இருக்கிறது, இங்கேயே தங்கலாம்."

பிள்ளை துள்ளிக் குதிப்பாள் என்று பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பி, "அம்மா?" என்றாள். எப்படியாவது இடம் கிடைக்கவேண்டும் என்று நின்றவளுக்கு, கிடைத்தால் பிள்ளை வீட்டில் இருக்கமாட்டாள் என்பது அந்த நேரம்தான் மண்டைக்குள் ஏறியது. குடித்தது முழுவதும் இறங்கிப்போனது.

"அறையை ஒருக்கால் பாப்பம்," என்றேன்.

மேலே சின்ன அறை. கட்டிலை அமத்திப் பார்த்தேன். ஜன்னலைத் திறந்து, பூட்டி, கொளுக்கி இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன். வாசலில் நின்ற பிள்ளை மூச்சு விடுகிறாளா என்றுகூடத் தெரியவில்லை.

"பிடிக்கேல்லையோ அம்மா?"

"மாரியிலை ஆத்துக்குளிர் இந்த ஜன்னலாலை வரும்," என்றேன். "வீட்டிலை கிடக்கிற தடிச்ச போர்வையை உனக்குக் கொண்டுவந்து தாறன். போ, கீழை போய் அவவுக்கு ஓமெண்டு சொல்லு."

அவள் என்னை இறுக்கிக் கட்டிப்பிடித்துவிட்டு, படியில் தடதடவென்று ஓடினாள். கீழே அவள் சொன்ன "யா" மேல்மாடிவரை கேட்டது. நான் கட்டில் நுனியில் இருந்துவிட்டேன். இவர் மேலே வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏனப்பா அழுறீர்?" என்று கேட்டார்.

"சந்தோசத்திலை," என்றேன். முக்கால்வாசி அது உண்மைதான்.