தகரக் கப்பலை உடைத்ததற்கு விழுந்த அடி

இன்று காலை என் மண்டை உடைந்தது. காரணம், ஒரு பொம்மைக் கப்பல்.

மூர் மார்க்கெட்டில் பழைய தகரக் கப்பல் ஒன்று வாங்கி வந்திருந்தேன். எந்தத் துரை வீட்டுப் பிள்ளை விளையாடியதோ, சாயம்கூடப் போகவில்லை. என் மகளுக்கோ பாறையில் மோதி நொறுங்கிய கப்பல்தான் வேண்டுமாம்.

ராயபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, சுத்தியால் அதன் முகப்பை நசுக்கினேன். உளியால் வயிற்றைக் கிழித்தேன். துருவேறியதாகத் தெரிய, தாரில் செங்கல் தூளைக் குழைத்துப் பூசினேன்.

பக்கத்து வீட்டுப் பிலோமினா பார்த்துவிட்டாள். அவள் புருஷன் அந்தோணி கட்டுமரத்தில் போனவன், இன்னும் கரையேறவில்லை. ஆண்கள் கடலில் இருக்கும்போது அவர்கள் வீட்டில் ஒரு சட்டியைக்கூடக் கவிழ்த்து வைக்க மாட்டார்கள்; மரமும் கவிழ்ந்துவிடுமாம். பட்டறைக்காரனான எனக்கு அது உறைக்கவில்லை.

"என் வூட்டுக்காரன் கடல்ல கீறான், நீ கப்பலை ஒடச்சிகினு கீறியா, கஸ்மாலம்!"

சுத்தியைப் பிடுங்கி வீசினாள். நெற்றி பிளந்து ரத்தம் கொட்டியது.

சற்று நேரத்தில் அந்தோணி கூடை நிறைய மீனோடு வந்து சேர்ந்தான். கப்பலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னா நைனா, பாறையில மோதின கப்பல்ல கொடிமரம் நட்டுகினு நிக்குமா?" என்று அதைப் படக்கென்று ஒடித்தான்.

பிலோமினா துடுப்பை எடுத்து அவன் முதுகில் ஓங்கி அறைந்தாள். "நாளிக்கு நீ கடலுக்குப் போவ வேணாமாடா?"

கப்பல் அருமை என்கிறாள் மகள். அடிபட்ட மாலுமிகள்தான் இல்லையாம்.

வாசலில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறோம். மூன்றாவதாக வர உங்களில் யாருக்குத் தைரியம்?