பதினோராம் நம்பர் நீலம்

பெப்ரவரி மாதம் பதினொன்றாம் திகதி, காலை ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடம். மழை இல்லை. ஹந்தானை மலையின் மேல் பாதியை மேகம் மூடியிருந்தது. எங்கள் கட்டுகஸ்தோட்டையில் வெயில், அடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

எங்கள் முன்னறைச் சுவரில் அப்போது பதினொரு நீலப் பட்டைகள் இருந்தன. எண்ணிவிட்டுத்தான் சொல்கிறேன்.

வீடு என் மாமனாருடையது. சுண்ணாம்புச் சுவர், வயது எண்பதுக்கு மேல். விற்பதா திருத்துவதா என்று இரண்டு வருடம் பேசி, கடைசியில் திருத்தத் தொடங்கினோம். ஓடு மாற்றியாயிற்று. கரையான் தின்ற நிலைகள் நான்கும் மாற்றியாயிற்று. மிஞ்சியது பெயின்ட். பெயின்ட்தானே, ஒரு கிழமை வேலை என்று நினைத்தேன்...

என் மனைவி சரோஜா பிறந்து வளர்ந்த வீடு இது. மற்ற அறைகளுக்கு நான் சொன்ன கலரையெல்லாம் பேசாமல் ஏற்றுக்கொண்டாள். முன்னறைக்கு மட்டும் — "அப்பா அடிச்ச அதே நீலம்தான் வேணும்."

எனக்கும் அது ஞாபகம் இருக்கிறது. மெல்லிய இளநீலம். பெண் பார்க்க வந்த அன்று, வெட்கத்தில் அவளைப் பார்க்காமல், நாற்பது நிமிடம் அந்தச் சுவரைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்?

பெயின்ட் வேலைக்கு ஹந்தானையிலிருந்து முருகேசு பாஸ் வந்தார்; எங்கள் பக்கம் கைவேலைக்காரர் எல்லாருமே 'பாஸ்'தான். வெள்ளைப் பெயின்டில் நீலச் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, சுவரில் ஒரு பட்டை அடித்துக் காட்டுவார். சரோஜா தள்ளி நின்று பார்ப்பாள்.

"இது வெள்ளை, பாஸ்."

"அம்மா, நல்லாப் பாருங்க. நீலம்தாங்க."

"இன்னும் கொஞ்சம் சாயம் விடுங்க. காசு நாங்கதானே குடுக்கிறோம்?"

மூன்றாவது பட்டையே எனக்குப் போதுமாக இருந்தது. ஏழாவது கண்ணைக் குத்தியது. பதினோராவது... துணிக்குப் போடும் நீலத்தைக் கரைக்காமலே சுவரில் அப்பியது போல.

"ஆங், இதுதான்!" என்றாள் சரோஜா.

அந்த நேரம் பாஸ் மூலையிலிருந்த பழைய மரச் சுவிச் போர்டைக் கழற்றினார். "சேர், இங்க வாங்க!" என்று கத்தினார். போர்டுக்குப் பின்னால், உள்ளங்கை அளவில், பிறகு யாரும் தூரிகை வைக்காத துண்டுச் சுவர். மாமனாரின் நீலம். அச்சு அசலாக மூன்றாம் பட்டையின் நிறம்.

சரோஜாவைக் கூப்பிட்டேன். "இந்தா பாரு, உங்க அப்பா அடிச்சது."

கிட்டப் போனாள். குனிந்து பார்த்தாள். விரலால் தடவினாள்.

"இது வெறும் சுண்ணாம்பு" என்றாள்.

பாஸ் என்னைப் பார்த்தார். நான் பாஸைப் பார்த்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் எனக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. கட்டு அவிழ்த்த பிறகுதான் தெரிந்தது, கிரீம் கலர் என்று நான் உடுத்திய மூன்று சட்டைகளும் வெள்ளை என்று. புரை விழுந்த கண் முதலில் விழுங்குவது நீலத்தைத்தான். என் கண்ணிலிருந்த கட்டைப் பார்த்துப் பயந்த சரோஜா, "என் கண்ணுல யாரும் கத்தி வைக்க விடமாட்டேன்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. பதினான்கு வாரமாக, பத்திரிகைக்கு நான் எழுதும் இந்த வாரப் பத்தியை என்னையே வாசித்துக் காட்டச் சொல்கிறாள். "உங்க குரல்ல கேட்டா நல்லாருக்கு" என்பாள். நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏற்ற இறக்கத்தோடு, பெருமையாக வாசித்தேன்! வாரங்களை எண்ணத் தெரிந்த எனக்கு, காரணம் கேட்கத் தோன்றவில்லை. வேண்டியவர்கள் நம்மைப் புகழ்ந்தால் ஏன் என்று யார்தான் கேட்கிறோம்?

"சரோ, உனக்குப் புரை வளந்திருக்கு. எனக்கு இருந்த மாதிரியே" என்றேன்.

"எனக்கு ஒன்னும் இல்ல. ஆபரேஷன் பண்ணுன நாள்லருந்து உங்களுக்குத்தான் எல்லாம் நீலமாத் தெரியுது. பாவம், பாஸும் உங்களுக்கு ஆமாம் போடுறாரு."

"நான் எதுவும் போடலீங்கம்மா. பெயின்ட் மட்டும்தான்" என்றார் பாஸ்.

கெஞ்சினேன். கோபித்தேன். கண் போய்விடும் என்று பயமுறுத்தினேன். நான்கு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் ஒரு வழி தோன்றியது.

"சரி. ரூம் முழுக்கப் பதினோராம் நம்பரே அடிக்கிறோம். அதுக்குப் பிறகு நீ ஒரு கண்ணை மட்டும் டொக்டர்கிட்ட குடு. திரும்பி வந்து பார்த்தும் இதுதான் அப்பாவோட நீலம்னு சொன்னீன்னா, ஆயுசுக்கும் நான் கலரைப் பத்திப் பேச மாட்டேன்."

யோசித்தாள். "குசினிக் கலரும் நான் சொல்றதுதானா?"

"அதுவுந்தான்."

"எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். சாட்சிக் கையெழுத்து முருகேசு பாஸ். கண் போய்விடும் என்றபோது அசையாதவள், என்னை ஜெயிக்கலாம் என்றதும் அசைந்துவிட்டாள்!

"தெரிஞ்சே தப்பா அடிக்கச் சொல்றீங்களே, சேர்" என்று முனகிக்கொண்டே பாஸ் நான்கு சுவரையும் முடித்தார். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "மீன் கடை போடப் போறீங்களா?" என்று கேட்டார்.

ஆபரேஷன் அன்று காலை கதவு வரைக்கும் சரோஜா என் கையை விடவில்லை. அவள் உள்ளே போன பிறகு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். ஏதாவது பிசகிவிட்டால்? ஒரு சுவர்ச் சண்டையில் ஜெயிப்பதற்கா இவளை இங்கே கொண்டுவந்தேன்? அன்றும் நாற்பது நிமிடம் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிச் சுவர். என்ன கலர் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மறுநாள் வலது கண்ணின் கட்டை அவிழ்த்தார்கள். வீட்டுக்கு வந்தோம். முன்னறை நடுவில் போய் நின்றாள். வலது கண்ணை மூடினாள். திறந்தாள். இடது கண்ணை மூடினாள். திறந்தாள். இப்படி ஏழு தடவை.

"என்ன?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு." என் பக்கம் திரும்பவில்லை.

மூன்று நாள் குசினியிலேயே, அடுப்புக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள். நான்காம் நாள் பாஸைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"பாஸ், இந்த நீலத்துக்குக் கொசு ஜாஸ்தியா வருது. அந்த மூணாம் நம்பரை அடிச்சுப் பார்ப்போமா?"

"அடிப்போங்கம்மா. கொசுவுக்காக."

பதினோராம் நம்பரை மறைக்க மூன்று பூச்சு தேவைப்பட்டது. இப்போது முன்னறை, நான் வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்த அன்றைக்கு இருந்தது போலவே இருக்கிறது. சுவிச் போர்டு இருந்த துண்டைப் பூச வேண்டாம் என்று சரோஜா சொல்லிவிட்டாள். அது அப்படியே இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் கோடு தெரியவில்லை.

இந்த வாரப் பத்தியை அவளே எடுத்து வாசித்தாள், இடது கண்ணை மூடிக்கொண்டு. "ஏழு தடவை இல்ல, அஞ்சு" என்றாள். எண்ணிக்கையில் என்னைத் திருத்த இதுவரை யாரையும் விட்டதில்லை. போகட்டும், ஐந்தாகவே இருக்கட்டும்.

முன்னறைக்கு இரண்டு முறை பெயின்ட், பாஸின் கூலி, த்ரீவீலர், ஒரு வலது கண் — மொத்தம் இரண்டு இலட்சத்து நாற்பத்தெட்டாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய்.