ஆர்விட்டின் குடாவில் அறுபத்தெட்டு டிகிரி

ஆர்விட் ட்வெட்டுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போன பிறகு, மின்னசோட்டாவில் அவர்கள் வீட்டுப் படகுத்துறையிலிருந்து ஏரிக்குள் தெர்மாமீட்டரை விட்டுப் பார்ப்பது மனைவி மார்லிஸின் வேலையாயிற்று. காய்ச்சலுக்குப் பார்க்கும் அதே பாரன்ஹீட் கணக்குத்தான். வசந்தம் முடிகையில் தண்ணீர் அறுபத்தெட்டைத் தொட்டால் புளூகில் என்னும் கையகல மீன்கள் கரையோரம் முட்டையிட வரும். ஆண்மீன் வாலால் மணலைக் குழித்துக் கூடு கட்டி, குஞ்சு பொரியும்வரை நகராமல் காவல் நிற்கும். கிட்டே எது வந்தாலும் கடிக்கும்; தூண்டில் என்று அதற்குத் தெரியாது, பாவம். அந்தப் பெரிய ஆண்களை வாரிவிட்டால், வீட்டு முன்னால் ஏரி உள்வாங்கி நிற்கும் குடாவில் பொடிசுகள்தான் மிஞ்சும். அதனால் ஆர்விட் அந்த நாட்களில் தூண்டிலைத் தொடமாட்டார். தண்ணீரின் சூட்டையும் வெளியே சொல்லமாட்டார். ஊரில் அவருக்கு அமுக்குணி என்று பெயர்.

மார்லிஸ் சொல்லிவிட்டாள். ஞாயிறு ஆராதனை முடிந்து தேவாலயத்தின் கீழறையில் காப்பி குடிக்கையில் டுவெய்ன் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர், பனிக்காலம் முழுக்க அவர்கள் வாசலில் பனி தள்ளியவர். அவரிடம் எப்படி மழுப்புவது?

"அறுபத்தெட்டு ஆயிடுச்சு," என்றாள்.

"அப்போ சரி. வெள்ளிக்கிழமை டிக்கெட் போட்டு மீன் விருந்து வச்சிடுவோம். வர்ற காசு பூராவும் ஆர்விட் வைத்தியத்துக்கு. நீ ஒண்ணும் பேசாத."

நமக்காக ஓடுகிறவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல வாய் வருமா?

அந்த வாரம் குடா முழுக்கப் படகுகள். யாரும் சட்டத்தை மீறவில்லை, அளவுக்கு மேல் பிடிக்கவும் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஆர்விட்டுக்கு ஒவ்வொரு படகிலிருந்தும் கையசைத்தார்கள். அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சந்தோஷப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். அது சந்தோஷமில்லை என்று மார்லிஸுக்குத் தெரியும்.

விருந்தில் இருப்பதிலேயே பெரிய மீனை அவர் தட்டில் வைத்தார்கள். ஆர்விட் வாயை இறுக மூடிக்கொண்டார். பசி செத்துப்போச்சு போல என்று டுவெய்ன் கண்கலங்கினார். மார்லிஸ் எழுந்து எல்லோருக்கும் நன்றி சொன்னாள்.

மறுநாள் காலை அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் துறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். காவலில்லாத கூடுகளில் பொடிமீன்கள் மொய்த்து முட்டைகளைத் தின்றுகொண்டிருந்தன. ஆர்விட் அங்கே கிடந்த துடுப்பை நல்ல கையால் எடுத்துத் தண்ணீரை அடித்தார். மீன்கள் கலைந்தன, உடனே திரும்பி வந்தன. மறுபடி அடித்தார்.

"போதும் ஆர்விட், விட்டுடு."

அவர் விடவில்லை. அவர் தண்ணீரில் விழுந்துவிடாதபடி சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.