எட்டு நாட் பக்கக்காற்று: சிதம்பரத்தில் ஒரு சனிக்கிழமை

ஜெரோமின் அம்மா போன் செய்தது 2010 ஜூன் கடைசியில். "பக்கக்காத்து வரம்பு மீறி எறங்குனதால விபத்துன்னு விமான விசாரணை லெட்டர் வந்திருக்கு தம்பி. அது என்னான்னு எனக்குப் புரியணும். ஒருநாள் வர்றியா?"

ஜெரோமும் நானும் ஒரே பள்ளியில் விமானம் ஓட்டக் கற்றவர்கள். அந்த விபத்தில் அவன் இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்தச் சனிக்கிழமையே கிளம்பினேன்.

கோயம்பேட்டில் காலை 6 மணிக்குப் பேருந்து. கடலூர் 185 கி.மீ., 75 ரூபாய்; பத்தே காலுக்கு இறங்கினேன். அங்கிருந்து சிதம்பரம் 45 கி.மீ., 17 ரூபாய். சிப்காட் ரசாயன ஆலைகளைத் தாண்டும்வரை ஜன்னலை மூடிவைப்பது நல்லது.

ஜெரோமின் அம்மா கணக்கு டீச்சர். பேப்பரும் பென்சிலுமாகக் காத்திருந்தார். ஓடுதளத்தைக் கோடாகப் போட்டு, காற்றை அதற்குச் சாய்வாக வரைந்தேன். "மொத்தக் காத்தும் கணக்கில்லம்மா. வண்டியப் பக்கவாட்டுல தள்ளுற பங்கு மட்டுந்தான்."

"அன்னிக்கு எவ்வளவு?"

"பதினாலு நாட், மணிக்கு இருபத்தாறு கி.மீ. அறுபது டிகிரி சாய்வு."

அவரே போட்டுப் பார்த்தார். "பன்னெண்டு வருது. அவனுக்கு எவ்வளவு வரைக்கும்?"

"தனியா ஓட்டுற மாணவனுக்கு எட்டு."

பென்சிலைக் கீழே வைத்தார். "அப்புறம் ஏன் எறங்குனான்?"

இதைச் சொல்லத்தான் வந்திருந்தேன். "அவனுக்கு முன்னாடி நான் எறங்குனேம்மா. 'காத்து எப்படி மச்சான்'னு ரேடியோவுல கேட்டான். எல்லாரும் கேட்டுட்டு இருந்தாங்க. வீம்புக்கு 'ஒண்ணும் இல்ல, வா'ன்னுட்டேன்."

பேப்பரைத் திருப்பிவைத்துவிட்டுக் கேட்டார், "நீ எறங்கையில எப்படி இருந்துச்சு?"

"ஓரம்வரைக்கும் இழுத்துட்டுப் போயிடுச்சு. பயந்துட்டேம்மா."

"அத மட்டும் அவன்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா."

திட்டவில்லை. சோறு போட்டுவிட்டு உள்ளே போனார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை உள்ளறைக் கதவு சாத்தியே இருந்தது. மூன்று மணிக்கு, "போய்ட்டு வர்றேம்மா" என்றேன். வாசற்கதவை நானே சாத்திவிட்டு இறங்கினேன்.

போகிறவர்களுக்கு: கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு அடிக்கடி பேருந்து உண்டு, முன்பதிவு தேவையில்லை. விமானம் கற்கிறவர்களுக்கு: காற்றின் வேகத்தோடு சாய்வையும் பாருங்கள். உங்கள் வரம்பைத் தாண்டினால் இறங்காமல் மேலேறிவிடுங்கள். காற்று அடங்கும்வரை சுற்றலாம், வேறு ஓடுதளத்துக்கும் போகலாம். மேலே இருப்பவன் காற்றைப் பற்றிக் கேட்டால், நீங்கள் பயந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மாதம் ஒருமுறை அம்மாவுக்குப் போன் செய்கிறேன். எடுக்கிறார். "சாப்பிட்டியா?" என்கிறார். "சாப்பிட்டேம்மா" என்றதும் வைத்துவிடுகிறார்.